எங்கள் புஷ்பக்கின் முதற் பறப்பு

(லோதி ரோட்டில் நடைபெற்ற சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

 

ஆண்டு விழாவில் பேசவேண்டும் என்று சங்கச் செயலாளர் என்னைப் பணித்தபோது நான் மிகவும் தயங்கினேன். நான் புலவனல்லேன், மைய அரசின் அலுவலகம் ஒன்றில் கோப்புகளோடு காலங்கழித்து ஓய்வு பெற்றவன். என் தயக்கத்தைக் கண்ட செயலாளர், “இலக்கியம் எல்லாம் வேண்டா. உங்கள் வீட்டு மாடியில் இரண்டு ஆண்டுகளாக அறுக்கும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்ததே, அது என்ன என்று சொன்னால் போதும். காலனி முழுவதும் அதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறது” என்றார். சத்தத்தையும் பசை நாற்றத்தையும் பொறுத்துக்கொண்ட அண்டை வீட்டார்க்கு நான் கடன்பட்டவன். அக்கடனில் ஒரு பகுதியையேனும் இன்று தீர்க்கலாம் என்றே வந்து நிற்கிறேன்.

நான் கட்டியது வானொலி அலையால் இயங்கும் மாதிரி விமானம். விளையாட்டுப் பொம்மை என்று எண்ணிவிடாதீர்கள். இறக்கையின் ஒரு நுனியிலிருந்து மறு நுனிவரை 2 மீட்டர் 74 சென்டிமீட்டர்; எடை ஒன்பதரைக் கிலோ; மூக்கில் 35 சி.சி. பெட்ரோல் எஞ்சின். எஞ்சின் நம் டி.வி.எஸ். 50 வண்டியினதைவிடச் சிறியதுதான். ஆயினும் அதன் முன்னே சுழலும் புரொப்பெல்லர் நிமிடத்துக்கு ஆறாயிரம், ஏழாயிரம் சுற்றுச் சுற்றுகையில் அருகே விரலை நீட்டியவன் அவ்விரலை மறந்துவிட வேண்டியதுதான். இத்தகையதொன்று மணிக்கு அறுபது, எழுபது கிலோமீட்டர் வேகத்தில் ஒருவர் மேல் வந்து மோதினால் என்னாகும் என்பதை விவரிக்க வேண்டியதில்லை. ஆகவே கட்டி முடித்தபின், அதை முதன்முதலாகப் பறக்கவிடும் நாள் என்பது மகிழ்ச்சிக்குரிய நாளாயினும் அச்சத்துக்கும் உரிய நாள். அந்த ஒரு நாளைப் பற்றியே பேச விரும்புகிறேன்.

இந்த ஆசை எனக்கு எங்கிருந்து வந்தது? இந்தத் தெருவிலிருந்துதான். 1963ஆம் ஆண்டில், எட்டு வயதுச் சிறுவனாக, என் தந்தையாரின் கையைப் பிடித்துக்கொண்டு லோதி காலனிக்கு வந்து சேர்ந்தேன். லோதி ரோட்டின் மேற்கு முனையில் சப்தர்ஜங் கல்லறை. அதற்கு அப்பால் விமான நிலையம். 1929இல் வில்லிங்டன் பெயரால் தோன்றிய நிலையம் அது. பெரிய விமானங்கள் 1962இலேயே பாலத்துக்குப் போய்விட்டன. எனினும் பறக்கும் பயிற்சிக்கான சிறிய விமானங்கள் எங்கள் வீட்டு மாடிக்கு மேலேயே வட்டமிடும். அவற்றில் ஒன்றைச் சுட்டி என் தந்தையார், “அதன் பெயர் புஷ்பக், பெங்களூரில் நம்மவர்களே செய்தது” என்றார். இராவணனின் விமானத்துக்கு இத்தனை சிறிய எஞ்சினா என்று நான் வியந்தது நினைவிருக்கிறது.

புஷ்பக் என்பது இந்துஸ்தான் ஏர்கிராப்ட் தொழிற்சாலையில் வடிவமைக்கப்பட்டு 1958 செப்டம்பர் 28 அன்று முதன்முதலாகப் பறந்த விமானம். இருவர் அருகருகே அமரலாம். 90 குதிரைத்திறன் கொண்ட எஞ்சின். உடம்பின் மேற்புறமாக அமைந்த இறக்கை. மேலே போர்த்திய துணி. நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட புஷ்பக்குகள் கட்டப்பட்டு, நாட்டின் பறக்கும் சங்கங்களுக்கு அளிக்கப்பட்டன. அக்காலத்து இளைஞர் பலர் விமானம் ஓட்டக் கற்றது இதில்தான். சப்தர்ஜங்கில் பயிற்சிப் பறத்தல் இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் பாதுகாப்புக் கருதி நின்றுபோயிற்று. இன்று நம் மாடிகளில் பிறந்து வளரும் குழந்தைகளுக்குத் தலைக்கு மேலே தெரிவன காற்றாடியும் பருந்தும்தாம். ஓய்வு பெற்ற மறுநாளே, அன்று பார்த்த புஷ்பக்கை நான்கில் ஒரு பங்கு அளவில் கட்டுவது என்று முடிவு செய்தேன்.

ஏன் இத்தனை பெரிது, கைக்கடக்கமாக ஒன்று செய்திருக்கலாமே என்று என் இல்லத்தார் கேட்டதுண்டு. இதற்கு விடை கணக்கில் இருக்கிறது. நீளத்தை நான்கில் ஒன்றாக்கினால் இறக்கையின் பரப்புப் பதினாறில் ஒன்றாகும்; எடையோ அறுபத்து நான்கில் ஒன்றாகும். உண்மைப் புஷ்பக் ஆளும் எண்ணெயும் ஏறிய நிலையில் அறுநூறு கிலோவுக்குச் சற்று மேல். அதை அறுபத்து நான்கால் வகுத்தால் ஒன்பதரைக் கிலோ வருகிறது. ஆகவே மாதிரியில் ஒவ்வொரு சதுர அடி இறக்கையும் தாங்கவேண்டிய சுமை, பெரிய விமானத்தில் தாங்குவதில் கால்பங்கே. இறக்கை தாங்கமாட்டாமல் கைவிடும் வேகம் ஒன்று உண்டு. அந்த வேகம் சுமையின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. எனவே அது பெரிய விமானத்தினதில் சரிபாதி. கைக்கடக்கமான மாதிரிக்கு அந்த வேகம் இன்னும் குறைவுதான். ஆனால் மிகச் சிறியதை ஒவ்வொரு காற்றுவீச்சும் சருகுபோல் புரட்டும். அதன் அசைவும் கண் தொடரமாட்டாத துடிப்பாக இருக்கும். பெரியது நிதானமாக, உண்மை விமானத்தின் நடையோடு பறக்கும். இக்கணக்கை என் இல்லத்தார் ஒப்புக்கொண்டாலும், வரவேற்பறையின் இடப்பரப்பைப் பற்றிய அவர்களுடைய கணக்கு வேறாகவே இருந்தது.

வானொலி அலையால் பொருளை இயக்குவது புதியதன்று. நிகோலா டெஸ்லா 1898இல் நியூயார்க்கில் ஒரு சிறு படகை அங்ஙனம் ஓட்டிக் காட்டினார். விமானத்தில் அதனைச் செய்து காட்டியவர்களுள் முன்னோடிகள் அமெரிக்காவின் கலமசூ நகரத்து இரட்டையர், வால்டர் குட், வில்லியம் குட் என்போர். ஒருவர் விமானத்தைக் கட்டினார். மற்றவர் வானொலியைக் கட்டினார். 1937இல் பறந்த அவர்களது ‘கஃப்’ என்னும் எட்டடி இறக்கை விமானம் இன்று ஸ்மித்சோனியன் காட்சியகத்துக்கு உரியது.

நம் நாட்டிலும் குரோம்பேட்டையிலுள்ள சென்னைத் தொழில்நுட்பக் கல்லூரியின் ‘தக்ஷா’ மாணவர் குழு 2018இல் ஆஸ்திரேலியாவில் நடந்த ஆளில்லா விமானப் போட்டியில் இரண்டாம் இடம் பெற்றது. அப்போது அக்குழுவின் ஆலோசகராக இருந்தவர் நடிகர் அஜித் குமார். (இப்பெயரைச் சொன்னவுடன் முன்வரிசை விழித்துக்கொண்டதைக் காண்கிறேன். மகிழ்ச்சி.)

நிற்க. முதற் பறப்புக்கு வருகிறேன்.

லோதி ரோட்டில் அதைப் பறக்கவிட இயலாது. 2021 ஆகஸ்டு 25 அன்று வெளியான டிரோன் விதிகளின்படி, 25 கிலோவுக்கு மேற்படாததாய், கல்விக்கோ ஆராய்ச்சிக்கோ சோதனைக்கோ பொழுதுபோக்குக்கோ கண்ணுக்கெட்டும் தொலைவிற்குள் இயக்கப்படுவதாய் இருப்பதே மாதிரி விமானம். வானத்தைச் சிவப்பு, மஞ்சள், பச்சை எனப் பிரித்து அரசு வரைபடம் வெளியிட்டிருக்கிறது. பச்சையில் 400 அடி உயரம்வரை பறக்கலாம். நம் வீடுகளின் மேலுள்ள வானமோ குடியரசுத் தலைவர் மாளிகைக்கு அண்மையது, சிவப்பு. என் புஷ்பக் எந்த வானத்தைப் பார்த்துப் பிறந்ததோ அந்த வானத்தில் அதற்கு இடமில்லை. குறையாகச் சொல்லவில்லை, தலைநகரில் அப்படித்தான் இருக்கவேண்டும். ஹரியானாப் பக்கத்தில், பச்சை மண்டலத்தில், கோதுமை விளையாத களர் நிலம் ஒன்றை அதன் உரிமையாளரான பெரியவர் எங்களுக்கு ஒரு காலைப்பொழுது தந்தார். கூலி எதுவும் கேட்கவில்லை; தம் பேரப்பிள்ளைகள் பார்க்கவேண்டும் என்பதே அவரது நிபந்தனை.

இனி நான் வெட்கத்தோடு சொல்லவேண்டிய பகுதி.

விமானத்தை யார் ஓட்டுவது? நான்தான் என்பதில் எனக்கு ஐயமே இருக்கவில்லை. ஒவ்வொரு விலாவையும் பால்சாக் கட்டையில் அறுத்தவன் நான். துணி போர்த்தியவன் நான். இருபது ஆண்டுகளாகச் சிறு மாதிரிகளை ஓட்டிப் பழகிய கை என்னுடையது. கண்களில் புரை எடுத்து ஓராண்டு ஆகியிருந்தது. படிக்கவும் எழுதவும் தடையில்லை. வெயிலை எதிர்நோக்கினால் மட்டும் பொருள்களைச் சுற்றி ஓர் ஒளிவட்டம் தெரியும். அதை நான் யாரிடமும் பெரிதாகச் சொல்லவில்லை.

எனக்குத் துணையாக வந்தவள் எதிர்வரிசை வீட்டுப் பெண். லோதி எஸ்டேட்டிலுள்ள நம் தமிழ்ப் பள்ளியில் படித்து, இப்போது பொறியியல் மூன்றாம் ஆண்டு பயில்கிறாள். கணினித் திரையில் பொய்யான விமானங்களை ஓட்டிப் பழகி, பின்பு என் சிறு மாதிரிகளில் மெய்யாகவே ஓட்டக் கற்றவள். அவளும் இந்த இரண்டு ஆண்டும் மாலை வேளைகளில் வந்து உப்புத்தாள் தேய்த்திருக்கிறாள். புறப்படுவதற்கு முன்னாள் இரவு அவள் வந்து, “மாமா, ஒருமுறை எல்லாவற்றையும் சரிபார்த்துவிடலாமா?” என்றாள். பத்துமுறை பார்த்தாயிற்று என்றேன். “பதினொன்றாகப் பார்ப்போம்” என்றாள்.

முதலில் ஈர்ப்பு மையம். இறக்கையின் முன்விளிம்பிலிருந்து அகலத்தில் நான்கில் ஒரு பங்கிற்குச் சற்றுப் பின்னே இருபுறமும் விரல் நுனியால் தூக்கினால் விமானம் சமமாக நிற்கவேண்டும். மூக்கு இம்மி தாழ்ந்தால் பாதகமில்லை. வால் தாழ்ந்தால் ஓட்டுபவர் கைக்கு அடங்காது. அது சரியாக இருந்தது. வானொலியின் வலிமையைக் குறைத்து வைத்து முப்பது தப்படி நடந்து போய்ப் பார்த்தோம்; சுக்கான்கள் சொன்னபடி கேட்டன. அலை அறுந்துபோனால் எஞ்சின் தானே தணியவேண்டும். டிரான்ஸ்மிட்டரை அணைத்தோம், வேகக் கதவு மூடிக்கொண்டது. பின்பு அவள் விமானத்தின் வாலுக்குப் பின்னே போய் நின்றுகொண்டு, “வலப்பக்கம் சாயுங்கள்” என்றாள். வலக்கைக் குச்சியை வலப்புறம் தள்ளினேன்.

“மாமா, இது இடப்பக்கம் சாயும்.”

நான் நம்பவில்லை. எழுந்து போய் அவளருகே நின்று பார்த்தேன். வலப்பக்கம் சாயவேண்டுமானால் வல இறக்கையின் பின்விளிம்பிலுள்ள மடல் மேலே எழவேண்டும், இடமடல் தாழவேண்டும். நேர்மாறாக இருந்தது. பத்துமுறை பார்த்தவன் எப்படித் தவறவிட்டேன்? பத்துமுறையும் என் நாற்காலி விமானத்தின் மூக்குக்கு எதிரே இருந்தது. எதிரே நிற்பவனுக்கு அதன் வலம் இடமாகவும் இடம் வலமாகவும் தோன்றும். பிறர் விமானத்தைப் பார்க்கையில் நன்கு தெரியும் இந்தச் சிறு உண்மை, என் சொந்த விமானத்தில் எனக்குத் தெரியவில்லை. அது சரியாக இருக்கவேண்டும் என்று விரும்பினேன். சரியாக இருப்பதாகவே கண் கண்டது. பெட்டியில் ஒரு பொத்தானை மாற்றினால் தீரும் பிழைதான். பறந்தபின் தெரிந்திருந்தால் மூன்று நொடியில் இரண்டு ஆண்டு உழைப்பு களர் மண்ணில் புதைந்திருக்கும். அந்தப் பெரியவரின் பேரப்பிள்ளைகள் எந்தப் பக்கம் நின்றிருப்பார்கள் என்பதை நான் நினைக்க விரும்பவில்லை.

அன்றிரவு உறக்கம் வரவில்லை. எனக்கு ஓசூர் நினைவுக்கு வந்தது.

உங்களுள் சிலர் செய்தித்தாளில் படித்திருக்கலாம். பாதுகாப்பு ஆராய்ச்சி மேம்பாட்டு நிறுவனத்தின் பெங்களூர்க் கூடம் ‘ருஸ்தம்-1’ என்னும் ஆளில்லா விமானத்தைக் கட்டியது. வானூர்தி அறிஞர் ருஸ்தம் டமானியாவின் நினைவாக இட்ட பெயர் அது. உண்மையான பெரிய விமானம். இறக்கை மட்டுமே எட்டு மீட்டருக்கு அருகில். 2009 நவம்பர் 16 அன்று நம் கிருஷ்ணகிரி மாவட்டத்து ஓசூரை அடுத்த விமானத்தளத்தில் அதன் முதற் பறப்பு நடந்தது. ஓடியதும் எழும்பியதும் திட்டமிட்டபடியே நடந்தன. பிறகு விமானம் இருந்த உயரம் தவறாகக் கணிக்கப்பட்டது. தரையிலிருந்து இட்ட கட்டளையால் எஞ்சின் அணைக்கப்பட்டது. விமானம் விழுந்து சேதமுற்றது. அந்நிறுவனமே இக்காரணத்தை வெளிப்படையாக அறிவித்தது. கட்டளை அலை அறுந்துபோகவில்லை. உயரத்தைக் கணித்ததே பிழை. பதினொரு மாதம் கழித்து, 2010 அக்டோபர் 16 அன்று, அதே ஓசூரில் ருஸ்தம்-1 மீண்டும் எழுந்து, 3,000 அடி உயரம்வரை சென்று, அரைமணி நேரம் பறந்து, நலமாக இறங்கியது. அன்று தரையில் நின்று அதைக் கட்டுப்படுத்தியவர் இராணுவத்திலிருந்து வந்த, இத்தொழிலில் தேர்ந்த ஒரு விமானி.

தரையில் நிற்பவர்க்கு உயரம் தெரிவது அவ்வளவு கடினமா என்று கேட்கலாம். விமானத்துக்குள் அமர்ந்திருப்பவரின் உடம்பே அதன் அசைவை உணரும். எதிரே உயரமானி இருக்கும். ஓடுபாதை கண்முன் அகன்று வரும். தரையில் நிற்பவர்க்கு இருப்பது வானத்தில் ஒரு வடிவம் மட்டுமே. சில பத்து மீட்டர்களுக்கு அப்பால் இரண்டு கண்ணும் சேர்ந்து தொலைவை அளக்கும் ஆற்றல் தளர்ந்துவிடுகிறது. பின்பு நாம் பழக்கத்தால் ஊகிக்கிறோம்: இத்தனை சிறிதாகத் தெரிந்தால் இத்தனை தொலைவு என்று. ஒன்றரை மீட்டர் மாதிரிகளில் பழகிய கண்ணுக்கு மூன்று மீட்டரை நெருங்கும் புதிய விமானம் ஏறக்குறைய இரு மடங்கு தொலைவில் பழைய அளவாகத் தெரியும். அனுபவமே ஏமாற்றும் இடம் இது.

இன்னொரு மனிதரும் அன்றிரவு நினைவுக்கு வந்தார். அமெரிக்கரான மேனார்டு ஹில். அவர் கட்டிய மாதிரி விமானம் 2003 ஆகஸ்டு மாதத்தில் கனடாவின் நியூபவுண்ட்லாந்திலிருந்து புறப்பட்டு, அட்லாண்டிக் கடலைக் கடந்து, 38 மணி 52 நிமிடத்தில் அயர்லாந்தின் கரையை அடைந்தது. தொலைவு மூவாயிரம் கிலோமீட்டருக்கு மேல். எடையோ எண்ணெயோடு சேர்த்து 5 கிலோவுக்குள். நடுக்கடலில் தானியங்கிக் கருவி அதை வழிநடத்தியது. அதற்குமுன் அவர் அனுப்பியவை கடலில் மறைந்தன, அவர் ஓயவில்லை. அப்போது அவருக்கு எழுபத்தேழு வயது. சட்டப்படி பார்வையற்றவர் என்று கொள்ளத்தக்க அளவுக்குக் கண்பார்வை குன்றியிருந்தது. கட்டுவதைத் தடவித் தடவிச் செய்தார். அயர்லாந்தின் கரையில் அதைத் தரையிறக்கியவர் டேவ் பிரவுன் என்னும் நண்பர். விமானம் ஹில்லினுடையது, அதைக் கண்டு இறக்கிய கண் இன்னொருவருடையது. அதனால் அவர் பெருமை ஒரு மாற்றும் குறைந்ததாக எவரும் சொல்லவில்லை.

இவ்வளவு தொலைவு போவானேன்? நம் சீவக சிந்தாமணியில் வரும் மயிற்பொறியை நினையுங்கள். சச்சந்தன் ஆணையால் அதைச் செய்தவன் ஒரு கம்மியன். ஏறிப் பழகியவளோ கருவுற்றிருந்த அரசி விசயை. ஆபத்து வந்த நாளில் அதைச் செலுத்திச் சென்றவளும் அவளே. கம்மியனை ஓட்டச் சொல்லவில்லை திருத்தக்க தேவர்.

விடியுமுன் காரில் ஏறும்போது டிரான்ஸ்மிட்டர் பெட்டியை அந்தப் பெண்ணின் மடியில் வைத்தேன். “நீயே ஓட்டு, அம்மா” என்றேன். அவள் மகிழ்ச்சி அடையவில்லை; அஞ்சினாள். “விழுந்துவிட்டால், மாமா?” என்றாள். விழுந்தால் மீண்டும் கட்டுவோம் என்று சொன்னேன். சொல்வது எளிது, அப்போது என் வயிற்றில் இருந்ததை நான் அறிவேன்.

மாசி மாதத்துக் காலை. நம் லோதி ரோட்டிலேயே மௌசம் பவன் இருக்கிறது. அங்குள்ள வானிலைத் துறை முதல்நாள் அறிவித்தபடியே மேற்கிலிருந்து இளங்காற்று. மூடுபனி ஒன்பது மணிக்குக் கலைந்தது. பெரியவரின் பேரப்பிள்ளைகளையும், எங்கிருந்தோ முளைத்த மேலும் பதின்மரையும், காரின் பின்னே வரிசையாக நிற்கவைத்தோம். புஷ்பக்கைக் களர்வெளியில் மூன்றுமுறை ஓடவிட்டு நிறுத்தினாள். நான்காம் முறை காற்றை எதிர்கொண்டு மேற்கு நோக்கி நிறுத்தி, என்னைத் திரும்பிப் பார்த்தாள். தலையசைத்தேன்.

வால் எழுந்தது. பிறகு சக்கரங்களுக்கும் மண்ணுக்கும் இடையே வெளிச்சம் தெரிந்தது. அவ்வளவுதான், நான் எதிர்பார்த்த ஆரவாரம் எதுவும் இல்லாமல் புஷ்பக் வானத்தில் இருந்தது. சிறிதே இடப்புறம் இழுத்தது. அவள் திருத்துகுமிழை இரண்டு சொடுக்குத் தள்ளியதும் நேராயிற்று. ஐம்பது, அறுபது மீட்டர் உயரத்தில் எஞ்சினைத் தணித்து, வேகத்தைக் குறைத்து, இறக்கை எப்போது கைவிடுகிறது என்று சோதித்தாள். மூக்கை மெல்லத் தாழ்த்தி, எந்தப் பக்கமும் கவிழாமல், மீண்டும் தானே பறந்தது. உயரத்தில் இதைத் தெரிந்துகொள்ளாமல் தரையிறங்க முனைவது அறியாமை. நான் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த நான்கு நிமிடம் எனக்கு வயது எட்டு.

பின்னர் இறக்கம். காற்று மேற்கிலிருந்து வந்தமையால் விமானம் கிழக்கிலிருந்து எங்களை நோக்கி வரவேண்டும். கிழக்கே சூரியன்; அதன் கீழே கருவேல மரங்களின் கரிய வரிசை. விமானம் மரங்களின் கருமைக்குள் இறங்கியதும் எனக்கு அதுவும் தரையும் ஒன்றாகிவிட்டன. கண்ணில் அந்த ஒளிவட்டம். சக்கரம் மண்ணைத் தொட இன்னும் ஒரு சாணே இருக்கிறது என்று உறுதியாக எண்ணினேன். “எஞ்சினை நிறுத்து! நிறுத்து!” என்று கத்தினேன்.

அவள் நிறுத்தவில்லை.

“இல்லை, மாமா” என்று மட்டும் சொன்னாள். எஞ்சின் மெல்ல முனகிக்கொண்டே இருந்தது. விமானம் மரங்களின் கருமையிலிருந்து வெளிப்பட்டு வெளிர்நிற மண்ணின்மீது வந்தபோதுதான் எனக்கு உண்மை தெரிந்தது. இரண்டு ஆள் உயரத்துக்குமேல் இருந்தது! நான் சொன்ன இடத்தில், அந்தக் குறைந்த வேகத்தில், எஞ்சினை நிறுத்தியிருந்தால் இறக்கை கைவிட்டு மூக்குக் குத்தி விழுந்திருக்கும். ஓசூரை எண்ணியே இரவெல்லாம் விழித்திருந்தவன், அதே பிழையைச் செய்யுமாறு பகலில் கட்டளையிட்டேன். எங்களைக் கடந்து முப்பது தப்படி சென்று, இரண்டு துள்ளலோடு, புஷ்பக் மண்ணில் ஓடி நின்றது. இடப்பக்கச் சக்கரத்தின் கம்பி வளைந்தது, வேறு சேதமில்லை. காரின் பின்னே நின்ற கூட்டம் வரிசையை மறந்து ஓடிவந்ததில்தான் எனக்கு அடுத்த அச்சம். புரொப்பெல்லர் அப்போதுதான் நின்றிருந்தது.

ஊர் திரும்பும் வழியில் கேட்டேன்: “அத்தனை உயரம் இருப்பது உனக்கு எப்படித் தெரிந்தது, அம்மா?”

“நான் விமானத்தைப் பார்க்கவில்லை, மாமா. நிழலைப் பார்த்தேன்” என்றாள்.

காலைச் சூரியன் விமானத்தின் பின்னே இருந்ததனால் அதன் நிழல் மண்ணில் முன்னே ஓடிவந்திருக்கிறது. விமானம் எவ்வளவு உயரமோ அவ்வளவுக்கு நிழல் விலகி ஓடும். தாழத் தாழ இரண்டும் நெருங்கும். சக்கரம் மண்ணைத் தொடும்போது நிழலும் சக்கரமும் சேரும். அவை இரண்டுக்கும் இடையே காரின் நீளத்தைவிட அதிகமான வெளி இருக்கையில் நான் கத்தினேனாம். இருபது ஆண்டு பழகிய எனக்கு இது தோன்றவில்லை. மேகமூட்டமான நாளில் என்ன செய்வாய் என்று கேட்டேன். “அன்றைக்குப் பறக்கவிடமாட்டேன்” என்றாள். அதற்கு என்னிடம் மறுமொழி இல்லை.

அதன்பின் இதுவரை ஒன்பது முறை பறந்திருக்கிறது. மூன்றாவது பறப்பிலிருந்து நானும் ஓட்டுகிறேன், உயரத்தில் மட்டும். இறக்கும் வேளையில் பெட்டி கைமாறும்.

சங்கத் தலைவர் மணியைப் பார்க்கிறார், முடித்துவிடுகிறேன். புஷ்பக்கை இன்று இம்மண்டபத்தின் பின்புறம், சிற்றுண்டி மேசைக்கு அப்பால் நிறுத்தியிருக்கிறோம். எண்ணெய் வடித்தாயிற்று, மின்கலம் கழற்றியாயிற்று. குழந்தைகள் இறக்கையைத் தொட்டுப் பார்க்கலாம். துணி மெல்லியது, நகத்தால் கீறவேண்டா. புரொப்பெல்லரை யாரும் சுழற்றவேண்டா. ஐயம் கேட்க விரும்புவோர் என்னிடம் கேட்கலாம். இறங்குவதைப் பற்றிய ஐயமாயின், வடை வழங்கிக்கொண்டிருக்கும் அந்தப் பெண்ணிடம் கேளுங்கள்.